கத்தியை எப்போது கையில் கொடுப்பது?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகத் திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவர் கம்பியின் விட்டத்தைத் தவறாக அளந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மறுபடி அளப்பார். பத்து முறை தவறினாலும் கம்பி அப்படியே இருக்கும். தச்சுப் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒரு பலகையை வீணாக்குவான். தையற்கடையில் பழகுபவன் ஒரு முழம் துணியைக் கெடுப்பான். கைத்தொழில் எதுவாயினும் கெடுத்துக் கெடுத்துத்தான் படிகிறது.

அறுவை மருத்துவம் கற்பவர் எதைக் கெடுத்துப் பழகுவது? அவர்முன் மேசைமேல் கிடப்பது பலகையன்று, துணியுமன்று; உயிருள்ள மனிதர். ஆயிரம் அறுவைகளை முடித்த நிபுணருக்கும் முதல் அறுவை என்று ஒன்று இருந்தே தீரும். அந்த முதல் கத்திக்கு உட்பட்ட நோயாளியும் ஒருவர் இருந்திருப்பார். அந்த நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடாது. அதே சமயம் அந்த இளைஞருக்குத் தொழிலும் வரவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நடப்பது எப்படி?

இன்று உலகின் பல நாடுகளில் அறுவை மருத்துவத்தின் சிறப்புத் துறைகளைக் கற்பிக்கும் 'ரெசிடென்சி' என்னும் உறைவிடப் பயிற்சி, இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று. அது ஒரே நாளில் தோன்றியதன்று. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

நாவிதர் கையில் கத்தி

ஐரோப்பாவில் அறுவை நெடுங்காலம் ஒரு கைத்தொழிலாகவே கருதப்பட்டது. ஏடு கற்ற மருத்துவர்கள் நாடி பார்த்து மருந்து எழுதினார்கள். கட்டியைக் கீறுவதும் பல்லைப் பிடுங்குவதும் அழுகிய காலை வெட்டுவதும் நாவித அறுவையர்களுடைய வேலை. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், நாவிதர்களும் அறுவையர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல்தான் இரு சாராரும் பிரிந்தனர்.

தொழில் கற்கும் முறையும் கைத்தொழிலுக்குரிய முறையே. சிறுவன் ஒருவன் ஆசானுக்குப் பணம் கட்டிச் சேருவான். பெரும்பாலும் ஏழாண்டுகள் அவருடனேயே இருப்பான். கத்தியைத் தீட்டுவான், புண்ணுக்குக் கட்டுப் போடுவான், ஆசான் அறுக்கும்போது நோயாளியை அழுத்திப் பிடித்துக்கொள்வான். இந்த முறையில் ஒரு நன்மை உண்டு: ஆசான் எப்போதும் அருகில் இருப்பார். ஒரு குறையும் உண்டு: ஆசான் நல்லவராக வாய்த்தால் மாணவன் தேறுவான், இல்லாவிட்டால் அவருடைய பிழைகளையே பாடமாகக் கற்றுக்கொள்வான்.

மேலும், மயக்க மருந்து இல்லாத அந்நாளில் திறமை என்றாலே வேகம்தான். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் ஒரு காலைச் சில நிமிடங்களிலேயே அறுத்து முடித்துவிடுவார். நோயாளி அலறிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிதானமாக மாணவனுக்கு விளக்க முடியுமா? கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் ஒன்றைப் பார்த்து யார்தான் என்ன கற்க முடியும்?

கற்பிக்க நேரம் பிறந்தது

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து நோயாளியை மயங்கச் செய்ய, அறுவை வலியின்றி நடந்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திப் புண்கள் சீழ்பிடிக்காமல் தடுக்கும் முறையை வெளியிட்டார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் நோயாளிகளுக்குச் செய்த நன்மை எல்லோரும் அறிந்தது. ஆனால் கற்பித்தலுக்கு அவை செய்த உதவியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நோயாளி உறங்குகிறார், புண் சீழ்பிடிக்காது. எனவே அவசரம் இல்லை. ஆசிரியர் நிறுத்தலாம், காட்டலாம், இடுக்கியை மாணவரிடம் கொடுத்து, "இந்த இரத்தக்குழாயை நீ கட்டு" என்று சொல்லலாம்.

அதே நேரத்தில் தொழிலும் கடினமாயிற்று. அதுவரை யாரும் தொடத் துணியாத வயிற்றையும் தலையையும் திறக்கத் தொடங்கினார்கள். வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881இல் புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து வெற்றி கண்டார். இத்தகைய வேலையைச் சொற்பொழிவு கேட்டுக் கற்க முடியாது. ஆனால் அக்காலத்து அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் பலவற்றில் சொற்பொழிவுதான் கல்வி. ஒரு நோயாளியின் உடலைத் தானே தொட்டுப் பாராமலே பட்டம் பெற்றுப் போனவர்கள் உண்டு.

ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளில் நிலைமை வேறு. பெர்லினில் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக் 1848 முதல் 1882 வரை தம்மிடம் இளம் உதவியாளர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு பயிற்றினார். மேலே சொன்ன பில்ரோத் அவருடைய உதவியாளராக இருந்தவர்தான். பில்ரோத்திடம் பயின்றவர்கள் ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் ஆயினர். விளக்கிலிருந்து விளக்கேற்றுவதுபோல ஒரு மரபு அங்கே வளர்ந்தது.

பால்டிமோரில் ஒரு புதிய முறை

இந்த மரபை நேரில் கண்டு, அமெரிக்க மண்ணில் நட்டு, அதற்கு ஓர் ஒழுங்கும் கொடுத்தவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். 1852இல் நியூயார்க்கில் பிறந்த இவர், மருத்துவப் பட்டம் பெற்றபின் 1878 முதல் 1880 வரை வியன்னா முதலிய நகரங்களில் தங்கி அங்குள்ள அறுவைக் கூடங்களைக் கவனித்தார்.

ஊர் திரும்பிய ஹால்ஸ்டெட் துணிச்சலும் வேகமும் மிக்க மருத்துவரெனப் பெயர் பெற்றார். 1884இல் கோக்கேய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று கார்ல் கொல்லர் கண்டறிந்தார். உடனே ஹால்ஸ்டெட்டும் அவருடைய தோழர்களும் அம்மருந்தைத் தங்கள் உடம்பிலேயே செலுத்தி ஆராய்ந்தார்கள். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி முறை கிடைத்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவர் அந்த மருந்துக்கு அடிமையானார். அதிலிருந்து மீட்பதற்காகக் கொடுத்த மார்ஃபினும் அவரைப் பற்றிக்கொண்டது. இச்செய்தி நெடுங்காலம் மறைவாக இருந்து, வில்லியம் ஆஸ்லர் எழுதிவைத்த குறிப்பு 1969இல் வெளியானபோதுதான் உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நியூயார்க்கு வாழ்க்கை சிதைந்த நிலையில் 1886இன் இறுதியில் அவர் பால்டிமோர் வந்தார். ஆய்வுக்கூடத்தில் நாய்களின் குடலைத் தைத்து ஆராய்ந்தார். குடற்சுவரின் எந்தப் படலம் தையலைத் தாங்குகிறது என்பதைக் கண்டறிந்தார். வேகக்காரர் என்று பெயரெடுத்தவர் இப்போது மிகவும் நிதானமானவராக மாறினார். திசுவை நசுக்காதே, ஒவ்வொரு சொட்டு இரத்தத்தையும் நிறுத்து, மெல்லிய இழையால் தை என்பவை அவருடைய விதிகள். 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அறுவைத் துறைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஏணியின் படிகள்

ஹால்ஸ்டெட் அமைத்த முறையை ஓர் ஏணியாக எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் நிற்பவர் பட்டம் பெற்று வந்த பயிற்சி மருத்துவர். நம் ஊரில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று சொல்வோமே, அவரைப் போன்றவர். அவர்களில் சிலர் உதவி உறைவிட மருத்துவர்களாகப் பல ஆண்டுகள் இருப்பார்கள். உச்சிப்படியில் ஒரே ஒருவர்: தலைமை உறைவிட மருத்துவர். இவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்தார்கள். 'ரெசிடென்ட்' என்ற பெயருக்கே உறைபவர் என்பதுதான் பொருள். இரவு பகல் என்ற பாகுபாடு இல்லை. திருமணம் செய்துகொள்ளக்கூட இடமில்லாத வாழ்க்கை. உதவியாளராக ஆறு ஆண்டுகள், பிறகு தலைமைப் பொறுப்பில் இரண்டு ஆண்டுகள் என்பது 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஹால்ஸ்டெட் கூறிய கணக்கு.

இந்த ஏணியின் உயிர்நாடி ஒரே கருத்தில் இருக்கிறது. பொறுப்பு படிப்படியாகக் கூட வேண்டும். மேற்பார்வை படிப்படியாகக் குறைய வேண்டும். முதலில் புண்ணுக்குக் கட்டுப் போடுதல், பிறகு தோலைத் தைத்தல், பிறகு எளிய குடலிறக்க அறுவை, கடைசியில் பெரிய அறுவைகள். ஒரு படியில் கால் ஊன்றியதை மேலே நிற்பவர் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த படிக்கு இடம். கீழ்ப்படியில் இருப்பவருக்குக் கற்பிப்பது மேற்படியில் இருப்பவரின் கடமை. கற்பவரே கற்பிப்பவரும் ஆகிறார். "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி" என்று பின்னாளில் உறைவிட மருத்துவர்களிடையே வழங்கிய சொல் இந்த மரபின் சாரந்தான். ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் ஆபத்து என்பதையும் பின்னர் பார்ப்போம்.

33 ஆண்டுகளில் ஹால்ஸ்டெட்டிடம் தலைமை உறைவிட மருத்துவர் பொறுப்பை எட்டியவர்கள் 17 பேர்தாம். எண்ணிக்கை சிறிது. ஆனால் அவர்களில் 11 பேர் தாம் சென்ற ஊர்களில் இதே போன்ற பயிற்சி முறையைத் தொடங்கினர்.

மரம் கிளைவிட்டது

ஹால்ஸ்டெட் ஒருவரே எல்லாத் துறைகளையும் ஆள நினைக்கவில்லை. தம்மிடம் பயின்ற இளைஞர்களை ஒவ்வொரு திசையில் அனுப்பினார். ஹியூ யங் என்பவரை அழைத்துச் சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவை ஏற்கச் சொன்னார். யங் அத்துறையை முன்பின் கற்றவரல்லர். அமெரிக்காவில் அத்துறை தனித்து வளர அவரே பெருங்காரணம் ஆனார். சாமுவேல் குரோவ் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை ஏற்றார்.

மூளையை ஏற்றவர் ஹார்வி குஷிங். 1896இல் இவர் ஹாப்கின்ஸ் வந்தபோது ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. ஆயினும் குஷிங் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த ஒருவரைக் கதிர்ப்படம் எடுத்து, அதைப்பற்றி எழுதியும் வெளியிட்டார். 1901இல் இத்தாலியின் பாவியா நகரில், கையைச் சுற்றிக் காற்றுப்பையைக் கட்டி, பாதரச அழுத்தமானியால் இரத்த அழுத்தத்தை அளக்கும் ரிவா-ரோச்சியின் கருவியைக் கண்டு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இயற்பியல் மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நாம் ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் அதே பாதரசத் தம்பம்தான் அறுவை மேசையின் ஓரத்தில் காவல் நின்றது.

மூளைக் கட்டியை அறுத்தால் நோயாளி பிழைப்பது அரிது என்றிருந்த காலத்தில், குஷிங்கின் நிதானமான முறையால் அறுவைக்குப் பின் இறப்போர் தொகை 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1926இல் வில்லியம் போவி என்ற இயற்பியலார் செய்து கொடுத்த உயர் அதிர்வெண் மின்கருவியைக் கொண்டு, இரத்தப்போக்கினால் சில நாள் முன்பு பாதியில் கைவிட்ட ஓர் அறுவையை முடித்தார். 1931இல் அவருடைய மூளைக் கட்டி அறுவைகளின் எண்ணிக்கை 2,000ஐ எட்டியது.

தவறுக்கு ஓர் ஏடு

குஷிங்கின் நிதானத்துக்கு ஒரு வேதனையான தொடக்கம் உண்டு. 1893இல் அவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவர். நோயாளிக்கு ஈதர் கொடுக்கும் வேலை அந்நாளில் மாணவர்களிடம் விடப்பட்டது. முறையான பயிற்சியோ மேற்பார்வையோ இல்லை. குஷிங் ஈதர் கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு நோயாளி இறந்துபோனார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று அந்த இளைஞர் கலங்கினார்.

அவர் படிப்பை விடவில்லை. தம் தோழர் எர்னஸ்ட் காட்மனோடு சேர்ந்து 1894இல் ஒரு சிறு வேலை செய்தார். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நிமிடங்கள்தோறும் ஒரு வரைபடத்தாளில் குறித்தார். கிடையச்சில் நேரம், நிலையச்சில் துடிப்பு. பள்ளி மாணவரும் வரையக்கூடிய படம்! ஆனால் கோடு இறங்கும்போதே ஆபத்து கண்ணில் படும். இன்று ஒவ்வோர் அறுவையிலும் எழுதப்படும் மயக்கமருந்துப் பதிவேட்டின் மூதாதை இதுவே.

காட்மன் இதை இன்னும் நீட்டினார். ஒவ்வொரு நோயாளியையும் அறுவைக்குப் பின் ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்து, பயன் கிட்டியதா, கிட்டாவிட்டால் யாருடைய பிழை என்று எழுதவேண்டும் என்றார். அவர் நடத்திய சிறு மருத்துவமனையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையே 337 நோயாளிகள் வெளியேறினர். அவர்கள் திறத்தில் நேர்ந்த 123 பிழைகளை அவரே அச்சிட்டு வெளியிட்டார். சகமருத்துவர்கள் அவரை வெறுத்தார்கள். ஆயினும் இன்று பயிற்சி மருத்துவமனைகளில் இறப்பையும் சிக்கலையும் அலசும் கூட்டங்கள் நடக்கின்றனவே, அவற்றுக்கு வழிகாட்டியவர்களுள் அவர் முக்கியமானவர். இளம் மருத்துவர் எழுந்து நின்று, "இன்னது செய்தோம், இன்னது நேர்ந்தது" என்று மூத்தோர் முன் சொல்லும் அந்த ஒரு மணி நேரமும் பயிற்சியின் பகுதிதான்.

ஏணியின் குறைகள்

ஹால்ஸ்டெட்டின் முறையைப் புகழ்ந்ததோடு நின்றுவிட்டால் பாதி வரலாறுதான் சொன்னவர்கள் ஆவோம்.

முதற் குறை, அது ஒரு கூம்பு. அடியில் பலர், உச்சியில் ஒருவர். நடுவில் விலக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளைஞர் ஹாப்கின்ஸில் பொது அறுவைப் பயிற்சியைத் தொடர இடம் கிடைக்காமல் 1925இல் நாஷ்வில் நகருக்குப் போனார். 1941இல் அதே ஹாப்கின்ஸ் அவரை அறுவைத் துறைத் தலைவராக அழைத்துக்கொண்டது! கூம்பின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சில் 1939இல் கூம்புக்குப் பதிலாகச் செவ்வக அமைப்பை முன்வைத்தார். சேர்த்துக்கொண்ட அனைவரையும் முழுப் பயிற்சி கொடுத்து முடிக்கச்செய்வது என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் இதுவே பெருவழக்காயிற்று.

இரண்டாவது குறை, ஏணியில் கால் வைக்கவே சிலருக்கு உரிமை இல்லாதது. பிளேலாக்குடன் நாஷ்விலிலிருந்து வந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். தச்சு வேலை அறிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி வீழ்ந்தபோது போயிற்று, ஆய்வுக்கூட உதவியாளரானார். இதயக் குறையால் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவையை நாய்களில் மீண்டும் மீண்டும் செய்து நுட்பத்தை வகுத்தவர் அவர். 1944 நவம்பர் 29 அன்று பிளேலாக் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக அதைச் செய்தபோது, பின்னால் ஒரு முக்காலிமேல் நின்று தாமஸ் வழி சொன்னார். பின்னர் இதய அறுவையில் புகழ்பெற்ற பலருக்கு ஆய்வுக்கூடத்தில் கை பழக்கியவரும் அவரே. மருத்துவர்களுக்குக் கற்பித்த அவர் ஒருநாளும் உறைவிட மருத்துவர் ஆக முடியவில்லை. 1976இல்தான் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

மூன்றாவது குறை நுட்பமானது. ஆசானின் அறிவோடு ஆசானின் பிழையும் ஏணி வழியே இறங்கும். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பையும் அதன் அடித்தசைகளையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவையை ஹால்ஸ்டெட் வகுத்தார். அவருடைய மாணவர்கள் தம் மாணவர்களுக்கு அதையே கற்பித்தனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது கேள்விக்கு அப்பாற்பட்ட முறையாக நின்றது. 1971இல் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனையும் அடுத்து வந்த சோதனைகளும், அவ்வளவு பெரிய அறுவையால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. மேலே இருப்பவரைப் பார்த்துச் செய்வது மட்டும் போதாது. அவர் செய்வது சரியா என்று அளந்து பார்க்கவும் பயிற்சி கற்றுத்தர வேண்டும்.

உறங்காத கண்கள்

மருத்துவமனையிலேயே குடியிருந்த வழக்கம் மறைந்தபின்னும், வாரம் நூறு மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் வழக்கம் மறையவில்லை. அதைப் பெருமையாகவே கருதினார்கள்.

1984 மார்ச் மாதம் நியூயார்க்கின் ஒரு பெரிய மருத்துவமனையில் 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடு சேர்க்கப்பட்டுச் சில மணி நேரத்தில் இறந்தார். அன்றிரவு அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள். மூத்த மருத்துவர் தொலைபேசி வழியே மட்டும் ஆலோசனை சொன்னார். இது அறுவை சார்ந்த இறப்பன்று. ஆயினும் விசாரணை இரு கேள்விகளை எழுப்பியது. மிதமிஞ்சிக் களைத்தவர் சரியாக முடிவெடுக்க முடியுமா? இரவில் மேற்பார்வை எங்கே?

முதற் கேள்விக்கு ஓர் அளவீட்டு விடையும் பின்னர் வந்தது. 24 மணி நேரம் உறங்காதவரின் கைத்திறன் சோதனை முடிவுகள், இரத்தத்தில் 0.10 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவருடைய முடிவுகளுக்கு ஒப்பானவை என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. குடித்தவர் கையில் கத்தியைக் கொடுப்போமா?

நியூயார்க் மாநிலம் 1989இல் வாரத்துக்கு 80 மணி என்ற வரம்பை விதித்தது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் அதே வரம்பு வந்தது. நான்கு வாரச் சராசரியாக 80 மணி, ஏழு நாளில் ஒருநாள் ஓய்வு. 2011இல் முதலாண்டினர் தொடர்ந்து 16 மணிக்கு மேல் பணிபுரியக்கூடாது என்ற விதியும் சேர்ந்து, 2017இல் நீக்கப்பட்டது. ஏன்? பணிமுறை மாறும்போதெல்லாம் நோயாளியும் கைமாறுகிறார். அரைகுறையாகச் சொல்லப்பட்ட செய்தியும் உயிரைக் குடிக்கும். 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கண்டிப்பான பணிநேர விதிக்கும் நெகிழ்வான விதிக்கும் இடையே நோயாளிகளின் இறப்பிலோ பெருஞ்சிக்கலிலோ வேறுபாடு காணப்படவில்லை. மணிக்கணக்கு மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பது தெரிகிறது.

நமது நாட்டிலும் மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியைத் தாண்டலாகாது என்று கூறுகிறது. ஏட்டில் உள்ளது நடைமுறைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்பதை, உங்களுக்குத் தெரிந்த ஓர் இளம் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்றைய மேற்பார்வை

இன்று அமெரிக்காவில் பொது அறுவைக்கு ஐந்து ஆண்டுகள், எலும்பு அறுவைக்கு ஐந்து, மூளை நரம்பு அறுவைக்கு ஏழு என்று உறைவிடப் பயிற்சி நடக்கிறது. மேற்பார்வை மூன்று நிலைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. மூத்தவர் உடனிருந்து பார்ப்பது முதல் நிலை. உடன் இல்லாவிட்டாலும் அழைத்தவுடன் உதவுவது இரண்டாம் நிலை. வேலை முடிந்தபின் பார்த்துக் கருத்துச் சொல்வது மூன்றாம் நிலை. முதலாண்டு மருத்துவர் முதல் நிலையிலிருந்தே தொடங்கவேண்டும்.

பொது அறுவை பயில்பவர் பயிற்சி முடிவதற்குள் குறைந்தது 850 அறுவைகளைச் செய்து ஏட்டில் பதியவேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது என்பதால், 2023 முதல் 18 வகைப் பணிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் இவரை எவ்வளவு நம்பி விடலாம் என்று மூத்தோர் அவ்வப்போது மதிப்பிடுகிறார்கள். முதற்பிழைகளை உயிரில்லாப் பொருளில் செய்து தீர்த்துக்கொள்ளப் பயிற்சிப் பெட்டிகளும் உருவகக் கருவிகளும் வந்துள்ளன. தச்சுப் பையனுக்குக் கிடைத்த பலகை ஒருவாறு அறுவையருக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் பலகையில் இரத்தம் பீறிடாது. எனவே மூத்தவரின் கண் இன்னும் தேவைப்படுகிறது.

இந்த மரபின் ஒரு கிளை நம் வாசலுக்கும் வந்தது. குஷிங்கிடம் 1918-19இல் பயிற்சி மருத்துவராக இருந்தவர் வைல்டர் பென்ஃபீல்ட். அவர் கனடாவின் மாண்ட்ரியலில் அமைத்த நரம்பியல் நிலையத்தில் பயின்றவர் ஜேக்கப் சாண்டி. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் இவரே. அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் பயின்று திரும்பிய பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். ஹால்ஸ்டெட்டிலிருந்து எண்ணினால் வேலூர் நான்காம் தலைமுறை.

அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டாரோ அறுவைக்காகப் பயிற்சி மருத்துவமனை ஒன்றில் படுக்க நேர்ந்தால், கட்டிலருகே வந்து நாடி பார்க்கும் இளைஞரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு ஐயம் வந்தால் யாரை அழைப்பீர்கள்?" ஒரு பெயரைத் தயங்காமல் சொன்னாரானால், அந்த மருத்துவமனையில் ஏணி உறுதியாக நிற்கிறது என்று பொருள். அழைத்தவுடன் அந்தப் பெயருக்குரியவர் வருகிறாரா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.